தொண்டைமானாறு: உப்பை அழைத்த ஊர், உப்பை மறித்த ஊர்

வடக்கில் உயர்தரம் படித்தவர்களுக்கு தொண்டைமானாறு முதலில் ஓர் ஊராக அறிமுகமாவதில்லை. பரீட்சைத் தாளின் தலைப்பில்தான் அந்தப் பெயரைக் காண்கிறார்கள். ‘வெளிக்கள நிலையம், தொண்டைமானாறு’ என்ற வரியைப் பார்த்ததும் வயிற்றில் புளி கரைக்காத பிள்ளை குறைவு. ஆசிரியர்கள் கூடி வினாத்தாள் தயாரிப்பார்கள். பல பாடசாலைகளின் மாணவர்கள் அதே தாளை எழுதுவார்கள். அரசாங்கப் பரீட்சைக்கு முன் தன் நிலை என்ன என்று பிள்ளை அறிந்துகொள்ளும் உரைகல் அது. “வெளிக்களத்தில எத்தனை எடுத்தனி?” என்று மாமாமார் கேட்கிற கேள்விக்குத் தப்பிய விஞ்ஞான, கணிதப் பிரிவு மாணவர் யாழ்ப்பாணத்தில் இருந்தால் அதிசயம். பழைய தாள்கள் போட்டோக்கொப்பிக் கடைகளில் கைமாறும். அண்ணன் செய்த தாளைத் தங்கையும் செய்வாள்.

அந்தத் தாளை வவுனியாவிலும் மன்னாரிலும் இருந்து எழுதியவர்களில் எத்தனையோ பேர் ஊரைக் கண்ணால் கண்டதில்லை. காண வருகிறவர்களும் பெரும்பாலும் ஒரே காரணத்துக்காக வருகிறார்கள். கோயில் வாசலில் இறங்கி, கும்பிட்டு, சோறுண்டு திரும்பிவிடுகிறார்கள். தாளுக்கும் கோயிலுக்கும் இடையில் உள்ள ஊர் கவனிக்கப்படாமலே கிடக்கிறது. தீபகற்பத்தின் நீரையும் கடலையும் போரையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டுமென்றால், இதைவிட வசதியான இடம் வடக்கில் இல்லை.

வடமராட்சியின் மேற்கு எல்லை இது. கிழக்கே வல்வெட்டித்துறை, மேற்கே வளலாயும் அதற்கப்பால் பலாலியும், தெற்கே அச்சுவேலிப் பக்கத்துத் தோட்டங்கள், வடக்கே பாக்குநீரிணை. ஊரின் பெயரில் உள்ள ஆறு உண்மையில் ஒரு நீரேரி. தென்கிழக்கே பல கிலோமீற்றர் தூரம் நீண்டு, வடமராட்சியை வலிகாமத்திலிருந்தும் தென்மராட்சியிலிருந்தும் பிரித்து, இங்கே வந்து கடலில் வாய் திறக்கிறது. பருத்தித்துறையிலிருந்து காங்கேசன்துறை செல்லும் கரையோர வீதி இந்த வாயின் மேல் பாலமாகக் கடக்கிறது. பாலத்தில் நின்றால் ஒரு பக்கம் அலை, மறு பக்கம் அசையாத தண்ணீர். காலடியில் வரிசையாகக் கதவுகள்.

அந்தக் கதவுகளில்தான் ஊரின் கதை இருக்கிறது. ஆனால் கதை கதவுக்கு வெகுகாலம் முன்பே தொடங்குகிறது, அதுவும் எதிர்த் திசையில்.

ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலை ஒரு செய்தி சொல்கிறது. தொண்டைமான் என்ற மன்னன் வடகரையில் விளையும் உப்பைப் பெறவென்று வந்தான். கரணவாய்ப் பக்கத்தில் விளைந்த உப்பை ஏற்ற மரக்கலங்கள் உள்ளே வரவேண்டும் என்பதற்காக ஆற்றை வெட்டுவித்தான். அதற்கு முன் இதற்கு வல்லிநதி என்று பெயர் இருந்ததாகவும் ஊர் வழக்கு உண்டு. பின்னால் வந்தவர்கள் இந்தத் தொண்டைமானை, முதலாம் குலோத்துங்கன் படையை நடத்திக் கலிங்கம் வென்ற கருணாகரத் தொண்டைமானோடு இணைத்தார்கள். உரும்பிராயிலுள்ள கருணாகரப் பிள்ளையார் கோயிலையும் அதே பெயருக்குச் சாட்சியாகக் காட்டுவார்கள்.

காலக் கணக்கு மட்டும் இடிக்கிறது. வைபவமாலை தொண்டைமானின் வருகையை உக்கிரசிங்கன் என்ற அரசனின் காலத்தில் வைக்கிறது. வரலாற்றாசிரியர் முதலியார் இராசநாயகம் போன்றோர் உக்கிரசிங்கனை 8ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோகிறார்கள். கருணாகரனோ 11, 12ஆம் நூற்றாண்டுகளின் சந்தியில் வாழ்ந்தவன். நடுவில் 300 ஆண்டு இடைவெளி. வந்தது யார் என்பதை ஆய்வாளர்களிடம் விட்டுவிடலாம். ஊருக்கு வேண்டியது கதையின் சாரம்தான்: உப்புக்காகவே இந்த வாய் வெட்டப்பட்டது. கரணவாய்ப் பக்கத்தில் உப்பு விளைந்தது கதையல்ல, நிலத்தின் இயல்பு. மாரியில் நிறைந்து கோடையில் வற்றும் ஆழமற்ற உவர் நீர், மேலே கொளுத்தும் வெயில், வேறென்ன வேண்டும்?

20ஆம் நூற்றாண்டில் காரியம் தலைகீழாயிற்று. முன்னோர் உள்ளே அழைத்த உப்பை வெளியே நிறுத்துவதற்கு அணை கட்டினார்கள்.

காரணம், யாழ்ப்பாணத்தின் கிணறு. தீபகற்பத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவும் இல்லை. வடகீழ்ப் பருவமழை ஒக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை கொட்டுகிறது; அந்த நீர் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, கீழே உள்ள உவர் நீரின் மேல் ஒரு மெல்லிய படையாக மிதக்கிறது. தோட்டக்காரன் இறைப்பதும் வீட்டுக்காரி மொள்ளுவதும் அந்தப் படையிலிருந்துதான். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழிருக்கும் உவர் மேலே ஏறும். நீரேரிகள் வழியாகக் கடலும் உள்ளே வந்து பக்கத்து வயல்களை உவராக்கும். பெய்த மழையில் பெரும் பங்கோ அதே நீரேரிகள் வழியாகக் கடலுக்கே போய்விடும்.

மழை நீரை நீரேரிக்குள்ளேயே மறித்து வைத்தால் என்ன? இந்தக் கேள்வி பிரித்தானியர் ஆட்சியிலேயே எழுந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யாழ்ப்பாண அரசாங்க அதிபராக இருந்த துவைனம் இதைப் பற்றி எழுதினார். சட்டநிரூபண சபை உறுப்பினர் கே. பாலசிங்கம் வற்புறுத்தினார். அதற்கு முழு உருவம் கொடுத்தவர் நீர்ப்பாசனத் திணைக்களப் பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம். 1954இல் அவர் முன்வைத்த திட்டம் ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்ற பெயரில் இன்றும் பேசப்படுகிறது.

திட்டம் கேட்பதற்கு எளிது. வன்னியில் ஓடும் கனகராயன் ஆறு, இரணைமடுக் குளத்தைத் தாண்டி எஞ்சும் வெள்ளத்தை ஆனையிறவு நீரேரியில் கொண்டுவந்து கொட்டுகிறது. அந்த நீரேரியின் இரு முனைகளிலும், ஆனையிறவிலும் சுண்டிக்குளத்திலும், கடலை மறித்துவிட வேண்டும். சில மழைகளில் அதன் உப்பு கழுவுண்டு நன்னீராகும். முள்ளியானில் ஏறத்தாழ 4 கிலோமீற்றர் கால்வாய் வெட்டி அந்த நன்னீரை, தொண்டைமானாற்றில் வாய் திறக்கும் வடமராட்சி நீரேரிக்குள் விட வேண்டும். அங்கிருந்து உப்பாறு என்ற நீரேரிக்கும் போகும். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் கதவணை போட்டுவிட்டால் வந்த நீர் வெளியேறாது, கடல் நீர் உள்ளே நுழையாது. சுற்றியுள்ள கிணறுகள் தாமாகவே இனிக்கும்.

தொண்டைமானாற்றுக் கதவணை 1950களின் தொடக்கத்திலேயே எழுந்துவிட்டது. அரியாலையிலும் எழுந்தது. சுண்டிக்குளத்து அணைக்கட்டை வெள்ளம் உடைத்தது. முள்ளியான் கால்வாய் அரைகுறையாய் நின்றது. ஆக, ஆற்றின் வாய்க்குப் பூட்டுப் போட்டாயிற்று, ஆறு மட்டும் வந்து சேரவில்லை. திட்டத்தின் தோல்வி என்று இதை எழுதிவிடுவது சுலபம். அரையும் குறையுமாக இருந்த காலத்திலேயே நீரேரியின் ஓரங்களில் உவர் குறைந்தது, கைவிட்ட நிலங்களில் நெல் விளைந்தது என்று அந்தப் பக்கத்து விவசாயிகள் சொல்வதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

கதவணைக்கு இன்னொரு தரப்பும் இருக்கிறது. இறால்.

கடலில் பொரிக்கும் இறால் குஞ்சுகள் அலையோடும் வற்றுப்பெருக்கோடும் நீரேரிக்குள் வந்து, அங்குள்ள கலப்பு நீரில் மேய்ந்து பருக்கின்றன. மாரி வெள்ளம் வரும்போது மறுபடி கடலை நோக்கிப் புறப்படும். அந்தப் பயணத்தில்தான் வீச்சுவலைக்காரருக்கு விருந்து. கதவை ஆண்டு முழுக்க மூடினால் குஞ்சு உள்ளே வராது. திறந்தே விட்டால் வயலுக்குள் உவர் ஏறும். மழை கூடிப்போனால் தாழ்ந்த இடங்களில் உள்ள வீடுகளுக்குள் வெள்ளம் வரும், அப்போது கதவைத் திற என்று மூன்றாவது குரல் எழும். தோட்டமும் வயலும் வைத்திருப்பவர், வலை வைத்திருப்பவர், பள்ளத்தில் வீடு வைத்திருப்பவர் மூவருக்கும் ஒரே நாளில் நியாயம் செய்யக்கூடிய கதவை எந்தப் பொறியியலாளரும் இன்னும் வடிவமைக்கவில்லை.

கதவணையிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஆற்றங்கரையில், செல்வச்சந்நிதி முருகன். ‘ஆற்றங்கரையான்’ என்பார்கள், ‘அன்னதானக் கந்தன்’ என்பார்கள், ‘சின்னக் கதிர்காமம்’ என்பார்கள். பெரும்பாலான வாய்களில் வெறும் ‘சந்நிதியான்’.

நல்லூர்க் கோயிலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு சந்நிதி ஒரு வியப்பு. நல்லூரில் நேரம் தவறாத ஒழுங்கு. இங்கே ஒரு நாட்டுப்புறத் தாராளம். கருவறையில் வேல். பூசை செய்வோர் பிராமணர் அல்லர். மருதர் கதிர்காமர் என்ற பக்தரின் வழிவந்த கரையோரக் குடும்பத்தினர் வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு, மந்திரம் சொல்லாமல், மௌனமாகப் பூசை செய்கிறார்கள். கதிர்காமத்தின் முறையும் இதுவே. கதிர்காமரை முருகனே கதிர்காமத்துக்கு அழைத்துப்போய்ப் பூசை முறையைக் காட்டிக்கொடுத்து, வெள்ளி வேலும் தந்து அனுப்பினான் என்பது ஐதீகம். சாதியையும் ஆகமத்தையும் பிடித்துக்கொண்டு நூறு வழக்குப் பேசிய யாழ்ப்பாணச் சமூகம், கடலோடிக் குடும்பமொன்றின் கையால் வாய்பேசாப் பூசையை ஏற்று வரிசையில் நின்று திருநீறு வாங்கியிருக்கிறது. இதைப் பற்றி ஆராய்ச்சியாளர்கள் இன்னும் அதிகம் எழுதியிருக்க வேண்டும்.

ஆவணி மாதத்தில் கொடியேறும். பூரணையன்று ஆற்றில் தீர்த்தம். அந்த நாள்களில் தூக்குக்காவடிகள் வீதி நெடுக வரும். பிரதட்டை, அடியழிப்பு, கற்பூரச்சட்டி என்று நேர்த்திக்கடன் தீர்ப்போர் மணலெல்லாம் நிறைவர். கனடாவிலும் இலண்டனிலும் இருந்து விடுமுறை எடுத்து வந்து நிற்பவர்களை அவர்களுடைய செருப்பில் கண்டுபிடிக்கலாம். சூடான மணலில் வெறுங்காலோடு நடக்கச் சற்றே தயங்குவார்கள்.

சோறு இங்கே திருவிழாவுக்கு மட்டும் உரியதல்ல. கோயிலைச் சுற்றி மடங்கள். சந்நிதியான் ஆச்சிரமத்தில் நாள்தோறும் அன்னதானம் நடக்கிறது. அதே ஆச்சிரமத்தின் சைவகலை பண்பாட்டுப் பேரவை ‘ஞானச்சுடர்’ என்ற மாத இதழை வெளியிடுகிறது. வறிய மாணவர்களுக்கும் நோயாளிகளுக்கும் உதவிகள் போகின்றன. போருக்குப் பிந்திய வருடங்களில் அரசும் தொண்டு நிறுவனங்களும் எட்டாத வீடுகளுக்கு இந்த மடத்தின் அரிசி எட்டியதைச் சொல்ல வடமராட்சியில் ஆட்கள் இருக்கிறார்கள்.

சந்நிதிச் சூழலில் ஒரு வெள்ளைக்காரச் சாமியாரும் வாழ்ந்தார். பெர்லினில் பிறந்து, கொழும்புத்துறை யோகர் சுவாமிகளின் சீடராகி, கௌரிபாலா என்று பெயர் பெற்றவர். ஊருக்கு அவர் ஜேர்மன் சுவாமி. அவருடைய தொடர்பால் இங்கு வந்த அமெரிக்கர் பற்றிக் ஹரிகன் 1970களின் தொடக்கத்தில் சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை நடந்தார். போரால் அறுந்துபோன அந்த நடையை 1988இல் கிழக்கில் மீண்டும் தொடக்கிவைத்தவர்களில் அவர் முக்கியமானவர். போர் ஓய்ந்த பிறகு யாத்திரை மறுபடி சந்நிதி வாசலிலிருந்தே புறப்படுகிறது. முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில், உகந்தை என்று கிழக்குக் கரையைப் பிடித்துக்கொண்டு, குமண, யால காடுகளைக் கடந்து கதிர்காமம் சேர ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும். இலங்கையின் வடக்கையும் தெற்கையும் காலால் தைக்கிற வேறு வழக்கம் இந்த நாட்டில் இல்லை.

இனிக் கடல். இந்தக் கரையின் புகழ் பெரும்பகுதி அடுத்த ஊரான வல்வெட்டித்துறைக்குப் போய்விட்டது, அதில் நியாயமும் உண்டு. 1930இல் அங்கே கட்டப்பட்ட ‘அன்னபூரணி அம்மாள்’ என்ற பாய்க்கப்பலை அமெரிக்கர் வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் வாங்கினார். தண்டையல் தம்பிப்பிள்ளையும் வல்வெட்டித்துறை மாலுமிகளும் அதைச் சூயஸ் வழியாகச் செலுத்திக்கொண்டு 1938 ஓகஸ்டில் மசச்சூசெற்சிலுள்ள குளொஸ்டர் துறைமுகத்தில் கட்டினார்கள். புகையிலையும் பனைமரமும் கொண்டுபோய் அரிசியும் ஓடும் கொண்டுவந்த கரை இது. சுதந்திரத்துக்குப் பின் சுங்கமும் குடிவரவுச் சட்டமும் இறுக, அப்பன் வணிகமாகச் செய்த அதே ஓட்டத்துக்கு மகன் காலத்தில் கடத்தல் என்று பெயர் வந்தது.

தொண்டைமானாற்றின் பங்குக்கு ஒரு நீச்சல்காரர் இருக்கிறார். முருகுப்பிள்ளை நவரத்தினசாமி. 1954இல், ஆறுமுகத்தின் திட்டம் வெளியான அதே ஆண்டில், வல்வெட்டித்துறையிலிருந்து கோடிக்கரைக்குப் பாக்குநீரிணையை நீந்திக் கடந்தார். ஏறத்தாழ 50 கிலோமீற்றர், 27 மணித்தியாலம். அதற்குமுன் அதை நீந்திக் கடந்ததாகப் பதிவு இல்லை. பின்னால் வந்த வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குப் போய்த் திரும்பவும் நீந்தி, எத்தனையோ உலக சாதனைகள் படைத்து, 1984இல் ஆங்கிலக் கால்வாயில் உயிர்விட்டார். ஆனந்தனை நாடறியும். நவரத்தினசாமியின் பெயரை இன்று பாடசாலைப் பொது அறிவுப் போட்டியில் கேட்டால் எத்தனை கை உயரும் என்பது சந்தேகம். முதலாவதாகப் போனவரை இரண்டாவதாகப் போனவர் மறைப்பது விளையாட்டில் புதிதல்ல. என்றாலும் சொந்த ஊராவது சற்று உரத்துச் சொல்லலாம்.

போரின் முன்கதையிலும் ஊரின் பெயர் உண்டு. 1983 யூலை 25 அன்று வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்ட போராளித் தலைவர் தங்கத்துரை இந்த ஊரவர். 1987 மே 26 அன்று தொடங்கிய ‘ஒப்பரேஷன் லிபரேஷன்’ தாக்குதலில் இலங்கைப் படையினரின் ஓர் அணி தொண்டைமானாற்றுப் பக்கமிருந்துதான் வல்வெட்டித்துறையை நோக்கி நகர்ந்தது. சந்நிதியின் பெரிய சித்திரத் தேர் 1980களில் இராணுவ நடவடிக்கையின்போது எரிந்து சாம்பலானது. வடம் பிடித்த கைகள் அப்போது எங்கெங்கோ சிதறியிருந்தன.

1990இல் பலாலியைச் சுற்றி உயர் பாதுகாப்பு வலயம் விழுந்தது. கரையோர வீதி மேற்கே போக முடியாமல் முட்டுச் சந்தாயிற்று. வளலாய்க்காரர் தம் வீட்டுக் கூரையைத் தூரத்திலிருந்துகூடப் பார்க்க முடியாமல் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் கால் நூற்றாண்டு கழித்தார்கள். 2015இல் வளலாய்ப் பக்கத்து நிலங்களின் ஒரு பகுதி விடுவிக்கப்பட்டபோது வீடு இருந்த இடத்தைக் கிணற்றை வைத்து அடையாளம் கண்டவர்கள் பலர். 2019 ஒக்டோபரில் பலாலி ஓடுபாதை யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயரில் திறக்கப்பட்டது. ஒருகாலத்தில் கோடிக்கரைக்குப் பாய்விரித்த கரையின் மேலாக இப்போது சென்னை விமானம் போகிறது.

அத்தனை வருடமும் கதவணையை யார் கவனித்தார்கள்? பராமரிப்பின்றிக் கதவுகள் உக்கின. உவர் பழைய வழியைக் கண்டுபிடித்துக்கொண்டது. வயல்கள் மறுபடி வெளுத்தன. போருக்குப் பின் கதவுகள் புதுப்பிக்கப்பட்டன. ஆறுமுகத்தின் வரைபடத்தைத் தூசு தட்டி எடுக்கும் பேச்சும் அவ்வப்போது எழுகிறது. இரணைமடுவிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டுவரும் யோசனைக்குக் கிளிநொச்சி விவசாயிகள் ஒப்பவில்லை. கடைசியில் அரசு கடலிடமே போய் நின்றது. வடமராட்சி கிழக்கில், தாழையடியில், கடல் நீரிலிருந்து நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் குடிநீர் எடுக்கும் ஆலை 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. உப்பைப் பிரித்தெடுக்க மின்சாரம் வேண்டும், மின்சாரத்துக்குப் பணம் வேண்டும். மழை இலவசமாகச் செய்த வேலையை மறித்துவைக்கத் தெரியாமல் இயந்திரத்திடம் கொடுத்திருக்கிறோம் என்று நீர்ப்பாசனத் துறையின் பழைய ஆட்கள் முணுமுணுப்பதில் அர்த்தம் இருக்கிறது. குடத்தோடு பவுசருக்குக் காத்திருந்த தீவுப்பகுதிப் பெண்ணிடம் அந்த வாதத்தைச் சொல்லிப் பார்த்தால் வேறு பதில் வரும்.

கதவு வழக்கு தொண்டைமானாற்றுக்கு மட்டும் உரியதென்று நினைக்க வேண்டாம். யப்பானின் நாகசாகி மாகாணத்தில் இசஹாயா என்றொரு நடுத்தர நகரம், ஏறத்தாழ 1,30,000 பேர் வாழ்வது. 1957 யூலை வெள்ளத்தில் அங்கே 500 பேருக்கு மேல் மாண்டார்கள். வெள்ளத்தைத் தடுக்கவும் விளைநிலம் பெறவும் என்று பக்கத்து விரிகுடாவை 7 கிலோமீற்றர் நீள அணையால் மறித்தார்கள். 1997 ஏப்ரல் 14 அன்று 293 உருக்குத் தகடுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடலுக்குள் விழுந்த காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்த நாடு திகைத்துப்போனது. சில ஆண்டுகளில், அந்த விரிகுடா சேரும் அரியாகே கடலில் உண்ணும் கடற்பாசி விளைச்சல் மோசமாகப் பொய்த்தது. கதவைத் திற என்று மீனவர் வழக்குப் போட்டார்கள். திறக்காதே என்று உள்ளே உழுதவர்கள் வழக்குப் போட்டார்கள். 2010இல் புக்குவோக்கா மேல் நீதிமன்றம் திறக்கச் சொன்னது. 2013இல் நாகசாகி மாவட்ட நீதிமன்றம் திறக்கக் கூடாதென்று தடை விதித்தது. ஒரே அரசாங்கத்தின் கழுத்தில் எதிரெதிரான இரு கட்டளைகள். 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது: கதவு மூடியே இருக்கட்டும். பணமும் பொறியியலும் ஒழுங்கும் குறைவில்லாத நாட்டுக்கு அந்த முடிவு எட்ட கால் நூற்றாண்டு பிடித்தது.

தொண்டைமானாற்றில் ஒவ்வொரு மாரிக்கும் வழக்கு புதிதாகத் தொடங்கும். மழை இரண்டு நாள் விடாமல் பெய்தால் பாலத்தில் சைக்கிள்களும் மோட்டார் சைக்கிள்களும் சேரும். நீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று குனிந்து பார்ப்பவர் வயல்காரராக இருப்பார். அவருக்குப் பக்கத்தில் தோளில் வலையோடு நிற்பவருக்குக் கதவு எப்போது உயரும் என்பது மட்டுமே கேள்வி. இருவரும் பெரும்பாலும் சொந்தக்காரர்.